கைதட்டியவர்கள் கேட்காமல் விட்ட பாட்டு



நாட்டுப்புற இசையும் சாதியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பறை, கானா என்று நமக்குத் தெரிந்த இடத்திலேயே தொடங்கியிருக்கலாம். நான் ருமேனியாவில் இருக்கும் க்ளெஜானி என்ற கிராமத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த ஊர்க் கதையில் நம் ஊர் தெரியும்.

1991இல் பெல்ஜியத்தின் க்ராம்ட் டிஸ்க்ஸ் நிறுவனம் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 'ருமேனிய ஜிப்சிகளின் இசை' என்பது அதன் தலைப்பின் பொருள். வாசித்தவர்கள் க்ளெஜானியின் ரோமா இசைக்கலைஞர்கள். தாத்தா வயதுக்காரர்களும் பேரன் வயதுக்காரர்களும் ஒரே குழுவில். வயலின், அக்கார்டியன், குழல், டபுள் பாஸ், பிறகு சந்தூர் போலக் குச்சியால் தட்டி வாசிக்கும் சிம்பலோம். தொகுப்பு ஐரோப்பாவின் உலக இசைப் பட்டியல்களில் உச்சிக்குப் போனது. கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் உலகம் சுற்றத் தொடங்கினார்கள்.

குழுவின் பெயர் தராஃப் த ஹைதுக். தராஃப் என்றால் இசைக்குழு. ஹைதுக் என்றால் பணக்காரனைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுக்கும் கதைப்பாட்டு நாயகன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் இவர்களுக்கு வேறு பெயர்: லௌத்தாரி. தலைமுறை தலைமுறையாக இசைத்தொழில் செய்யும் ரோமா குடும்பங்களை அப்படித்தான் அழைப்பார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், ஊர் விருந்து எதுவும் இவர்கள் இல்லாமல் நடக்காது. விருந்து வைப்பவர் பெரும்பாலும் ரோமா அல்லாத விவசாயி. பாட்டு வேண்டும், பாடுகிறவனோடு சம்பந்தம் வேண்டாம். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். வலாக்கியா, மால்டேவியா என்ற இரண்டு சிற்றரசுகள் இணைந்துதான் நவீன ருமேனியா உருவானது. அங்கே 14ஆம் நூற்றாண்டு முதல் ரோமா மக்கள் அடிமைகள். அரசனுக்கு, மடாலயங்களுக்கு, நிலப்பிரபுக்களுக்கு உடைமைகள். அவர்களை விற்றார்கள், வாங்கினார்கள், சீதனமாகக் கொடுத்தார்கள். 'த்சிகான்' என்ற சொல்லே அடிமை என்ற பொருளில் வழங்கியது. பிரபுக்களின் மாளிகையில் வாசித்தவர்களில் பலரும் அடிமைகள்தான். 1855இல் மால்டேவியாவிலும் 1856இல் வலாக்கியாவிலும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு இழப்பீடும் கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானர்களுக்கு.

இன்னொரு செய்தி. ரோமா மக்களின் ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ரோம்' என்ற சொல்லுக்கும், வட இந்தியாவில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட 'டோம்' சாதியின் பெயருக்கும் வேர் ஒன்று என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். பாட்டும் கூத்தும் டோம்களின் தலையில் கட்டப்பட்ட தொழில்களில் அடங்கும். ஆகவே இதை நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அன்டோனெஸ்கு அரசு சுமார் 25,000 ரோமா மக்களை டிரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்கு நாடு கடத்தியது. பசியிலும் குளிரிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பின்னால் வந்த கம்யூனிஸ்ட் அரசு, ரோமா மக்களைத் தனித் தேசிய இனமாக அங்கீகரிக்கவில்லை. நாட்டுப்புற இசையைக் கொண்டாடியது. ஆனால் சீருடை போட்ட பெரிய வாத்தியக் குழுக்களை மேடையேற்றி, அதை ருமேனிய விவசாயியின் இசையாகவே காட்டியது. வாசிக்கிற கை ரோமாவின் கை, பெருமை தேசத்துக்கு.

1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தது. எல்லை திறந்தது. ஸ்டெஃபான் காரோ, மிஷெல் வின்டர் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் க்ளெஜானி கலைஞர்களை மேற்கு ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார்கள். அப்படி வந்ததுதான் நான் சொன்ன தொகுப்பு.

அதை எப்படி வரவேற்றார்கள் என்பதுதான் இன்று முக்கியம். 1994இல் வந்த அடுத்த தொகுப்பின் தலைப்பைத் தமிழில் சொல்கிறேன்: 'கண்ணியமான கொள்ளையர், மாயக் குதிரைகள், கண்ணேறு'. மேற்கு ஐரோப்பா எதைக் கேட்க ஆசைப்பட்டது என்பது இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. காட்டுத் துடிப்பு, நாடோடிச் சுதந்திரம், மர்மம். உண்மையில் க்ளெஜானிக்காரர்கள் நாடோடிகள் அல்ல. ஒரே ஊரில் தலைமுறைகளாக வாழ்பவர்கள். அவர்கள் வாசித்தது 'ரத்தத்தில் ஊறிய' ஏதோ ஒன்றும் அல்ல. சிறுவயது முதல் அப்பனிடமும் மாமனிடமும் உட்கார்ந்து சாதகம் செய்து கற்ற தொழில்நுட்பம். ஒரு பியானோ கலைஞரின் விரலைப் பார்த்து 'உழைப்பு' என்கிறோம், ரோமா வயலின்காரரின் விரலைப் பார்த்து 'பிறவிக்குணம்' என்கிறோம். இந்தப் பாராட்டுக்குள் இருப்பது பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் அதே பழைய அளவுகோல்.

இந்தக் கைதட்டலுக்கு நடுவே ஊரில் என்ன நடந்தது? தொகுப்பு வெளியான அதே 1991ஆம் ஆண்டு ஏப்ரலில், க்ளெஜானி இருக்கும் அதே ஜுர்ஜு மாவட்டத்தில், பொலின்தின் தியால் என்ற கிராமத்தில் ஒரு கும்பல் ரோமா மக்களின் வீடுகளைக் கொளுத்தியது. 1993 செப்டம்பரில் ஹதரேனியில் மூன்று ரோமா ஆண்களைக் கொன்றார்கள், வீடுகளை எரித்தார்கள். அந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2005இல்தான் ருமேனிய அரசு உரிமைகளை மீறியது என்று தீர்ப்பு வந்தது.

குழுவின் மூத்தவர் நிகொலாயே நியாக்‌ஷு. வில்லைக் கீழே வைத்துவிட்டு, வயலின் தந்தியில் ஒரு குதிரைமயிரைக் கட்டி, விரலால் இழுத்து இழுத்துக் கரகரப்பான ஓசை எழுப்புவார். எல்லோரும் இந்த உத்தியைப் பற்றிப் பேசினார்கள். அதோடு அவர் பாடியது என்ன? சௌசெஸ்கு வீழ்ந்த கதையை. தன் கண்ணெதிரே நடந்த அரசியலைப் பழைய கதைப்பாட்டு வடிவத்தில் பாடினார். டோனி கத்லிஃபின் 'லாச்சோ ட்ரோம்' என்ற 1993ஆம் ஆண்டுப் படத்தில் அதைப் பார்க்கலாம். 'பழமையின் எச்சம்' என்று கொண்டாடப்பட்ட மனிதர் நேற்றைய செய்தியைப் பாடிக்கொண்டிருந்தார். குதிரைமயிரைக் கவனித்தவர்கள் பாட்டைக் கவனித்திருக்க வேண்டும்.

ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்புடன் ஒரே படத்தில் தோன்றினார்கள். க்ரோனோஸ் குவார்டெட்டுடன் வாசித்தார்கள். சொந்த நாட்டுத் தலைநகரில் அவர்களுக்குப் பெரிய மேடை கிடைத்தது 2000ஆம் ஆண்டின் கடைசியில்தான். முதல் தொகுப்பு வந்து ஒன்பது வருடம் கழித்து!

2007இல் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். பேலா பார்டோக் கிராமங்களில் சேகரித்த மெட்டுகளைக் கொண்டு 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' எழுதியவர். அதே பார்டோக், ஜிப்சிகள் வாசிப்பது அவர்களுடைய இசை அல்ல என்று 1931இல் கட்டுரை எழுதியவர். தராஃப் குழு அந்த நடனங்களையே எடுத்துத் தங்கள் முறையில் வாசித்து, 'மஸ்கரடா' என்ற தொகுப்பில் வெளியிட்டது. 'நீ எடுத்துப்போனதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' என்று சொன்னதுபோல எனக்குக் கேட்கிறது.

தோழர்களே, இப்போது நம் ஊருக்கு வருவோம். பறை இன்று கல்லூரி விழாவிலும் இலக்கியத் திருவிழாவிலும் ஒலிக்கிறது. நல்லது. இன்னும் நிறைய ஒலிக்கட்டும். ஆனால் கைதட்டுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். சுவரொட்டியில் கலைஞரின் பெயர் இருக்கிறதா, அல்லது 'பறையாட்டம்' என்று மட்டும் இருக்கிறதா? வந்தவருக்குக் கூலி எவ்வளவு, யார் முடிவு செய்தது? பாட்டின் உரிமை யாரிடம்? அவர் சாப்பிட்டது எங்கே? அடித்தே ஆக வேண்டும் என்று சாவு வீட்டுக்கு இழுக்கப்பட்டபோது 'அடிக்க மாட்டேன்' என்று பறையைக் கீழே வைத்த மக்களின் போராட்டத்தையும் இந்த மேடை மதிக்கிறதா? அடிக்கும் உரிமையும் அடிக்க மறுக்கும் உரிமையும் சேர்ந்தால்தான் அது கலை. மறுக்க முடியாதென்றால் அதற்குப் பெயர் சாதித்தொழில்.

தராஃப் குழுவைத் தேடிக் கேளுங்கள். ஆடத் தோன்றும், ஆடுங்கள். ஆடி முடித்ததும், வாசித்தவர் வீட்டுக்குப் போகும் தெரு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.