ஏட்டில் இருக்கிறாள் அம்மா



முன்னோர் வரலாற்றை அறிய உதவுவது வீட்டார் சொல்லும் கதையா, எழுதி வைத்த ஏடா? எனக்கு முன்னால் பேசிய தோழி 1773-இல் ஸ்காட்லாந்திலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குப் போன ‘ஹெக்டர்’ கப்பலைப் பற்றி உருக்கமாகப் பேசினாங்க. ஏறத்தாழ 190 பேர். வழியிலே அம்மை, வயிற்றுக்கடுப்பு. 18 குழந்தைகள் கடலிலேயே போயிட்டாங்க. “அந்தப் பயணிகள் பட்டியலே பல வருஷம் கழிச்சு நினைவிலிருந்து தொகுத்ததுதான், ஆக நினைவுதான் ஜெயிச்சது”ன்னு முடிச்சாங்க. நல்ல வாதம். ஆனா அம்மா, அந்த நினைவை ஒருத்தர் காகிதத்திலே எழுதி வச்சாரே, அதனாலதானே நீங்க இன்னிக்கு இந்த மேடையிலே அதைச் சொல்ல முடிஞ்சுது! (கைதட்டல்)

நானும் ஸ்காட்லாந்துக்காரங்ககிட்டயே நிக்கிறேன்.

வீட்டுக் கதைக்கு ஒரு குணம் உண்டுங்க. சாதாரண ஆளை அது சொல்லாது. “எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் குலத்தலைவர் வம்சம்”னு சொல்லும். மக்டொனால்டுன்னு பேர் இருந்தா எல்லாரும் தலைவர் பிள்ளையா? தலைவர் நிலத்திலே உழுதவனும் அந்தப் பேரை வச்சுக்கிட்டது உண்டு. குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட துணி, அது ஆதிகாலத்துச் சொத்துன்னும் சொல்லுவாங்க. குலத்துக்கு ஒரு கட்டம்கிற ஏற்பாடு சூடு பிடிச்சதே 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததை ஒட்டித்தான். நம்ம ஜவுளிக்கடைக்காரர் மாதிரி அங்கேயும் ஆள் இருந்திருக்காங்க! (சிரிப்பு) அமெரிக்கா போன குடும்பங்களிலே இன்னொரு கதை: “எல்லிஸ் தீவிலே அதிகாரி எங்க பேரையே மாத்திட்டான்.” அங்கே இருந்தவங்க புதுசா பேர் எழுதலீங்க. கப்பல்காரன் கொண்டுவந்த பட்டியலை வச்சுச் சரிபார்த்தாங்க, அவ்வளவுதான்.

சரி, ஏடு என்ன செய்யும்?

ஒரு கல்தச்சர்னு வச்சுக்குங்க. 1840-களில் கனடா போனார். கல்லறையிலே ‘ஸ்காட்லாந்தில் பிறந்தவர்’னு மட்டும் இருக்கு. சொந்த ஊரும், அங்கேயே தங்கிட்ட தம்பியின் பேரும் கதையிலே ஒட்டிக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் கதைக்கு நன்றி. அப்பா யாரு, அம்மா யாரு? கதை வாயை மூடிக்கும். இவர் போன காலத்திலே அங்கே அரசாங்கப் பதிவே கிடையாது, கோயில் பதிவேடுதான். அதிலும் எத்தனையோ பக்கங்கள் இல்லை. ஆனா 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாத்தையும் அரசாங்கமே பதியத் தொடங்கிடுச்சு. கடல் தாண்டிய அண்ணனை விடுங்க. தாண்டாத தம்பி 1855-க்குப் பிறகு இறந்திருந்தா, அவர் இறப்புப் பதிவிலே அப்பா பேர் இருக்கும், அம்மா பேரும் இருக்கும். அதுவும் எப்படி? அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரோடு! இங்கே தம்பியின் தாய் கிடைச்சா, அங்கே அண்ணனின் தாய் கிடைச்சாச்சு. (கைதட்டல்)

கோயில் பதிவேட்டிலும் ஒரு துப்பு உண்டு. அந்த ஊர் வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவைப் பெத்தவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெத்தவர் பேர். தாத்தா பேரைத் தாங்குறவன் பேரன்னு நாம சொல்றோமே, அதேதான். எல்லா வீட்டிலும் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைகளின் பேரை வரிசையா எழுதிப் பார்த்தா தாத்தாக்கள் எட்டிப் பார்ப்பாங்க.

இந்த அவையிலே கேக்கிறேன். அப்பாவைப் பெத்த பாட்டி, அந்தப் பாட்டியைப் பெத்தவங்க பேர் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்... நாலே கை! தாத்தா சண்டை போட்டது, சொத்து வாங்கினது எல்லாம் கதையா இருக்கு. அந்த அம்மா எங்கே?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு செய்தி சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். அந்தப் பதிவேடுகளிலே கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க. பக்கத்திலே பதிவாளர் அந்தப் பெண்ணின் பேரை எழுதி, ‘இது இவர் போட்ட குறி’ன்னு சாட்சி வச்சிருப்பார். அந்தக் குறி போட்டவள் பேரை எந்தக் கதையிலே தேடுறதுன்னு எதிரணி சொல்லட்டும்.