பல்லுறையும் கட்டுப்பல்லும்



நிலையின் அளவை அறியாமல் எந்தத் தச்சரும் கதவு செய்யப் புகுவதில்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு தொழிலிலும் இவ்வொழுங்கே உயிராக விளங்குகின்றது. கழற்றி மாட்டும் கட்டுப்பல்லைத் தாங்குவதற்காகச் செய்யப்படும் பல்லுறையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஒருவர் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டார் என்று கொள்வோம். அவ்விடத்தை நிரப்பும் கட்டுப்பல் ஈற்றின்மேல் மட்டும் அமர்ந்தால், மெல்லுந்தோறும் அழுந்தி ஈறு புண்ணாகும். ஆகவே, முன்னும் பின்னும் நிற்கும் பற்களே அதன் சுமையைத் தாங்குதல் வேண்டும். அவற்றுள் ஒன்று சொத்தையால் சிதைந்திருப்பின், அதற்கு உறை அணிவிப்பர். 'பல்லுக்குத் தொப்பி போடுதல்' என்று மக்கள் வழங்குவது இதனையே.

சாதாரண உறை தன் பல்லைக் காத்தால் போதும். கட்டுப்பல்லைத் தாங்கும் உறைக்கோ மேலும் மூன்று பணிகள் உண்டு. முதலாவது, அதன் மேற்பரப்பில் கரண்டிபோன்ற ஒரு குழி வேண்டும். கட்டுப்பல்லின் தாங்கி அதில் அமர்வதால் மெல்லும் விசை வேர்வழியே எலும்புக்குச் செல்லும். இரண்டாவது, கட்டுப்பல் இறங்கும் திசைக்கு இணையாகப் பக்கத்தில் ஒரு சமதளம் வேண்டும். மூன்றாவது, கொக்கியின் நுனி பற்றிக்கொள்ளப் புடைப்பின்கீழ்ச் சிறிது உள்வளைவு வேண்டும். வார்ப்படக் கோபால்ட்டு-குரோமியக் கொக்கிக்கு 0.25 மில்லிமீட்டர் போதும். அது குறைந்தால் பிடிப்பு இராது. மிகுந்தால் கழற்றுந்தோறும் கொக்கி பல்லை இழுத்து நாளடைவில் அசைத்துவிடும்.

இத்திசையையும் அளவையும் கண்டறியும் முறையை என் பல்லைக் கொண்டே நான் கற்றேன். என் இடப்பக்கத்தில் எஞ்சியிருந்த கடைசிக் கடைவாய்ப்பல் பாதி சிதைந்திருந்தது. அதுவும் போனால் கட்டுப்பல்லுக்குப் பின்புறத் தாங்கல் அறவே இல்லை. "உறையை உடனே போட்டுவிடலாமே!" என்றேன். மருத்துவர் புன்முறுவல் பூத்து, என் பல்வரிசையின் சாந்துப் படிவத்தைச் 'சர்வேயர்' என்னும் கருவியின் சாய்மேடையில் பொருத்தினார். அதன் செங்குத்துக் கோலில் செருகிய கரிக்குச்சி, ஒவ்வொரு பல்லின் புடைப்பையும் சுற்றி ஒரு கோடு வரைந்தது. கட்டுப்பல் எவ்வழியே இறங்கும், குழி எங்கே, கொக்கி எங்கே என்பனவெல்லாம் அப்படிவத்தின்மீது முடிவான பின்னரே என் பல்லை அவர் தீண்டினார். குழி அமையும் இடத்தில் பல்லைச் சற்று ஆழமாகவே தேய்த்தார். இல்லையேல் அங்கே உறை மெலிந்து துளைபட்டுவிடும் அன்றோ?

பின்னர் அதே கருவியில், அதே சாய்வில் உறையின் மெழுகுக் கரு செதுக்கப்பட்டது. மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் இம்முறையை 1907ஆம் ஆண்டில் பல் மருத்துவ உலகில் பரவச் செய்தவர் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட். நம் சுவாமிமலைச் சிற்பியர் செப்புத் திருமேனிகளை வார்ப்பதும் இந்நெறியிலேயே. இன்று கணினித் திரையில் உறையை வடிவமைத்து, இயந்திரத்தால் கடைந்தெடுப்போரும் உளர். கருவி மாறினும் வரிசை மாறவில்லை.

அவ்வரிசையை நன்கு நோக்குங்கள். உறை பல்லில் ஒட்டப்பட்ட பின்னரே கட்டுப்பல்லுக்குரிய இறுதி அச்சு எடுக்கப்படுகின்றது. செய்கையில் முற்பட்டது உறை. எண்ணத்தில் முற்பட்டதோ கட்டுப்பல். இம்முறையைப் புரட்டி, உறையை மனம்போனபடி ஒட்டிவிட்டால், பின்னர் வரும் கட்டுப்பல்லுக்கு அங்கே குழியும் இராது, பிடியும் இராது. ஒட்டிய உறையை அறுத்தெடுக்க நேரும். அன்றேல், குறையோடு கூடிய கட்டுப்பல் நின்ற பல்லையும் கெடுக்கும்.

நண்பர்களே, கட்டுரை எழுதுங்கால் முடிவை எண்ணாது முதல் வரியைத் தொடங்குவோர் உங்களுள்ளும் உண்டு. கால் மில்லிமீட்டருக்காக ஒரு படிவத்தை மேடைமீது பலமுறை சாய்த்துப் பார்க்கும் அப்பொறுமையை எழுதுகோல் எடுக்குமுன் சற்றே நினைவுகூருங்கள்.