காரை பூசாத சுவர்கள்

பிரான்ஸின் தெற்கே செவென் என்றொரு மலைநாடு இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டிப் போகிறவர்கள் முதலில் தேடுவது மலைமுகட்டுச் சாலையை. இருபுறமும் பள்ளத்தாக்கு, நடுவே முதுகெலும்பு போல ஓடும் பாதை. படம் எடுக்க அருமையான இடம்தான். ஆனால் அழகு பார்க்கவா போட்டார்கள்? 1685இல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்தார். அடங்க மறுத்த மலைக்கிராமங்களுக்குள் படை சீக்கிரம் நுழைய வேண்டும் என்று அரசு சீர்செய்த வழிகளில் இதுவும் ஒன்று. 1702இல் கலகம் வெடித்தே விட்டது.

செவெனைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது அரண்மனை அல்ல, சுவர்.

சரிவைப் படிப்படியாக வெட்டி, படிக்கொரு கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் கிடையாது, மண்சாந்தும் கிடையாது. கல்லைக் கல்லே தாங்குகிறது. சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இடையிடையே நீளக்கல் ஒன்று உள்ளே நுழைந்து மண்ணைக் கவ்விக்கொள்ளும். முதுகுப்புறம் முழுக்கச் சில்லுக்கல். இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து ஏறிவரும் மேகம் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். காரை பூசியிருந்தால் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். இங்கோ தண்ணீர் இடுக்குகளில் கசிந்து போய்விட, மண் நின்றுவிடுகிறது. அதையும் மீறிக் கீழே இறங்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே சுமந்திருக்கிறார்கள். இந்த நிலப்பரப்பு 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலைக்கு 2018இல் தனியாகவே இடம் கிடைத்தது. கட்டியவர்களின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

படிகளில் நின்றவை கஷ்கொட்டை மரங்கள். ஊரார் அவற்றை ரொட்டி மரம் என்றார்கள். ஏழைக்கு அதுதான் சோறு. தோப்புக்குள் இரண்டடுக்குக் கல்வீடு ஒன்று தெரியும். பெயர் கிளெத். அந்நாளில் கீழே சுவாலை எழாமல் புகைந்துகொண்டே இருக்கும் நெருப்பு, மேலே இடைவெளி விட்ட பலகைத்தளத்தில் கொட்டைகள். வாரக்கணக்கில் புகையில் காய்ந்து, பிறகு தோல் நீக்கப்பட்டு, குளிர்காலம் முழுக்கக் கஞ்சிக்கு ஆகும்.

இந்த மலையூர்களில் வீடுகள் ஏன் இத்தனை உயரம் என்ற கேள்விக்குப் பதில் பட்டுப்புழு. மேல்மாடி அதற்காகவே எழுந்தது. மூலைக்கு மூலை கணப்பு வைத்தார்கள். முட்டைகளைச் சிறு பையில் கட்டி, பெண்கள் தங்கள் உடல் சூட்டிலேயே பொரிக்க வைத்தார்கள். புழுக்களுக்கு நோய் கண்டபோது, 1865இல் லூயி பாஸ்டர் அலேஸ் நகருக்கு வந்து, நோயற்ற முட்டைகளை நுண்ணோக்கியால் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் தொழில் மட்டும் தப்பவில்லை. சேன்-ழான்-து-கார் ஊரின் நூற்பாலை 1965இல் மூடப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

அதே ஊரில்தான் 1878இல் எழுத்தாளர் ஸ்டீவன்சன் பன்னிரண்டு நாள் நடையை முடித்தார். 65 பிராங்குக்கு வாங்கிய மோதெஸ்தீன் என்ற கழுதையை அங்கே 35க்கு விற்றார். வியாபாரத்தில் நட்டம்தான், ஆனால் அடுத்த ஆண்டு வந்த புத்தகம் பிறகு எத்தனையோ பேரை அந்த வழியில் நடக்க வைத்தது. இன்றும் வாடகைக்குக் கழுதை பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். கழுதை நினைத்த இடத்தில் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் சுவர் கண்ணில் படும். ஆள் போய்விட்ட ஊர்களில் காட்டுப்பன்றி தள்ளிவிட்ட கற்களும் கண்ணில் படும்.

வடக்கே மோன் லோசேர் மலையில் தேவாலயம்கூட இல்லாத குக்கிராமங்கள் உண்டு. ஆனாலும் ஒரு சிறு மணிக்கூண்டு நிற்கும். முன்பெல்லாம் பனிப்புயலில் வழி மறையும்போது ஊரார் அந்த மணியை அடிப்பார்கள். வெளியே மாட்டிக்கொண்டவர் ஓசை வந்த பக்கம் காலை எடுத்து வைப்பார்.