கதையின் முடிவைக் கேட்ட கைதி



மரண தண்டனைக் கைதியிடம் இறுதி விருப்பம் யாதெனக் கேட்பது பல நாடுகளில் நிலவிவந்த வழக்கம். பெரும்பாலும் அது ஒருவேளை உணவாகவே அமையும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2011ஆம் ஆண்டில் அந்தச் சலுகையையும் நிறுத்திவிட்டது. ஒரு கைதி ஏராளமான உணவைக் கேட்டுப் பெற்று, எதையும் உண்ணாமல் விட்டதே அதற்குக் காரணம். இன்று நான் பேச விழைவது வேறொரு கைதியைப் பற்றி. அவன் கேட்டது ஒரு கதையின் முடிவை.

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், 'இருண்ட கோபுரம்' என்னும் மாயக் காவியத்தை 1970இல் எழுதத் தொடங்கினார். உலகங்களையெல்லாம் தாங்கிநிற்கும் ஒரு கோபுரத்தை ரோலண்ட் என்ற வீரன் தேடிச் செல்வதே கதை. முதல் நூல் 1982இலும் ஏழாம் நூல் 2004இலும் வெளிவந்தன. இடையில் வாசகர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். காத்திருக்கக் காலமில்லாத இருவர் கிங்குக்குக் கடிதம் எழுதினர். ஒருவர் புற்றுநோயுற்ற 82 வயது மூதாட்டி. மற்றவர் மரண தண்டனைக் கைதி. முடிவைச் சொன்னால் அந்த இரகசியத்தைத் தன்னோடு கல்லறைக்கே கொண்டுபோவதாக அவன் வாக்களித்தான். கிங்கினால் உதவ முடியவில்லை. எழுதிச் செல்லாமல் முடிவு அவருக்கே தெரியாது.

நமக்குப் பரீட்சித்து மன்னனின் நினைவு வருகிறது. ஏழு நாளில் தட்சகன் தீண்டி இறப்பான் எனச் சாபம் பெற்றவன், கங்கைக்கரையில் அமர்ந்து சுகமுனிவரிடம் பாகவதம் கேட்டான். "சாகப்போகிறவனுக்குக் கதை எதற்கு, சேர்?" என்று வகுப்பில் மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. மன்னன் நாடியது வீடுபேறு. கைதி நாடியது அதுவன்று. ஆயினும் இருவரும் கேள்வி கேட்டவர்கள். கதை சொல்லும்போது குழந்தை "பிறகு?" என்கிறதல்லவா? அந்தக் கேள்விதான்.

சிறைக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அங்கு 'பிறகு' என்ன என்பதை நீதிமன்றம் எழுதிவிட்டது. காவியத்திலோ ஒவ்வோர் அடியும் புதியது, பாதை நீள்கிறது. நான்கு சுவருக்குள் இருப்பவனுக்கு எதிர்காலம் என்ற ஒன்றை அது கடனாகக் கொடுக்கிறது. நடப்பியல் நாவல் அவனுக்கு அவனுடைய உலகத்தையே காட்டும். மாயக் காவியம் இன்னோர் உலகத்தில் நடக்கவிடுகிறது.

அவன் குற்றத்தை மறைக்க நான் வரவில்லை. கொலையுண்டவரின் இறுதி விருப்பத்தை எவரும் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும், "பிறகு?" என்று கேட்கும் ஒருவனை முற்றாக முடிந்துபோனவன் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மரண தண்டனையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இதுவே என்னை உறுத்துகிறது.

நேயர்களே, அந்தக் காவியத்தின் முடிவு இதுதான்: கோபுரத்தின் உச்சியிலுள்ள கதவைத் திறக்கும் ரோலண்ட், கதை தொடங்கிய பாலைவனத்திலேயே மறுபடியும் நிற்கிறான். முன்பு இழந்த ஒரு கொம்பு மாத்திரம் இம்முறை அவனிடம் இருக்கிறது. அவன் மீண்டும் நடக்கத் தொடங்குகிறான். அந்தக் கைதி கேட்ட இரகசியம், முடிவே இல்லை என்பதுதான்.