வேகமும் விலையும்

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934-ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே உச்ச வேகத்தைவிட, வளைவு கடந்ததும் விரைந்தெழும் ஆற்றலே வெற்றி தரும்.

அவ்வாற்றலைப் பெறுவது எங்ஙனம்? காற்றை அழுத்தி இயந்திரத்துட் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பூட்டிய காருக்கு வழிகள் இரண்டு. சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறிதாக்கினால் அது விரைந்து சுழன்று மிகுந்த காற்றை ஊட்டும்; எரிபொருளையும் அதற்கேற்பக் கூட்டல் வேண்டும். மற்றையது, அச்சிலுள்ள பற்சக்கர விகிதத்தை மாற்றுதல். 3.5 என்பதை 4.2 ஆக்கின், ஒவ்வொரு கியரிலும் உந்துவிசை 20 வீதம் உயரும். அக்கியரில் எட்டக்கூடிய வேகமோ ஆறிலொரு பங்கு குறையும்.

ஒன்றை ஈந்தே மற்றொன்றைப் பெறுகின்றோம். அழுத்தம் அளவு மீறின், எரிபொருள் வெப்பத்தால் தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

ஆதலின், விரைவைக் கூட்டுவோர் பிரேக்கையும் டயரையும் முன்னதாகத் திருத்துக. பந்தயத்தைப் பந்தயத் தடத்தோடு விடுக. நாவற்குடா வீதியிற் காலைதோறும் நம் பிள்ளைகள் நடந்து செல்கின்றனர்.