பென்ஷனும் வேண்டும், வேலையும் வேண்டும்!

செஞ்சி மக்களே, முன்வரிசையில் மூன்று சக்கர வண்டிகளில் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, மார்க்கெட் கமிட்டி வியாபாரிகளே!

“உதவித்தொகை கொடுத்துக் கொடுத்தே இவர்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்” என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. எவ்வளவு ஐயா கொடுத்துவிட்டார்கள்? 2023 ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் மாத பென்ஷன் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆனது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய். அதற்கும் 80 சதவீத பாதிப்பு இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2012-இல் 300 ஆனது, அப்படியே நிற்கிறது. சோம்பேறியாக இருக்கக்கூட இதைவிட அதிகம் செலவாகுமே!

அரசு பஸ் டிரைவருக்கு விபத்தில் கால் போகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு சொல்கிறது: அவரை வேலையை விட்டு அனுப்பாதே, பதவி இறக்காதே. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு. நல்ல சட்டம். ஆனால் கதிரடிக்கிற மிஷினில் கையைக் கொடுத்த கூலிக்காரருக்கு? சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு? அந்தப் பிரிவு அரசு நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. இவர்களுக்கு ஒரு அடையாள அட்டை, தாலுகா ஆபீஸ் படிக்கட்டு, அவ்வளவுதான். இனி இவரால் ஆகாது என்று ஊர் முடிவு கட்டுகிறது, வீடு முடிவு கட்டுகிறது, கொஞ்ச நாளில் அவரும் நம்பிவிடுகிறார்.

வேலையா இல்லை? நெல் வரத்து நேரத்தில் நம்ம கமிட்டிக்கு வந்து பாருங்கள். மூட்டை தூக்க முழு உடம்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எடைச் சீட்டு எழுத ஒரு கை போதாதா? சாக்கு தைக்கிறவர் உட்கார்ந்துதானே தைக்கிறார், அவருக்குக் கால் எதற்கு?

நூறு நாள் வேலைக்கு 2012-லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. மாற்றுத்திறனாளிக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி. அதை நம்பி வருகிறவரை, “நீ எதுக்குப்பா கஷ்டப்படற, வீட்ல இரு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரக்கமாம்! கூலியைப் பறிப்பதற்கு அழகான பெயர்.

வேலைக்குக் கூப்பிட்டால் மாற்றுத்திறனாளிகள் கேட்கும் முதல் கேள்வி, “வேலைக்குப் போனா பென்ஷன் நின்னுடுமா?” என்பதுதான். பஸ் ஏற முடியாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கிறாரே, அந்தச் செலவு வேலை கிடைத்ததும் மறைந்துவிடுமா? பிரிட்டனில் இப்படிப்பட்ட கூடுதல் செலவுக்குத் தரும் உதவித்தொகை, வேலை பார்ப்பவருக்கும் உண்டு. 2025-இல் அதைப் பெறும் தகுதியை இறுக்கப் பார்த்த அரசு, சொந்தக் கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததும் பின்வாங்கியது. நம் கோரிக்கை இதுதான்: வேலைக்குப் போகிறவரின் பென்ஷனில் கை வைக்காதே. விபத்தில் கை கால் போன கூலி ஆளுக்கும் மாற்று வேலை கிடைக்கச் சட்டம் கொண்டு வா.

மனு தயார். திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்போகிறோம், கையெழுத்துப் போடுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் கலெக்டரையே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கமிட்டி வியாபாரிகளே, மில் முதலாளிகளே, இந்த முன்வரிசையிலிருந்து எத்தனை பேரை எடுத்துக்கொள்கிறீர்கள்? இதோ மைக். மேடைக்கு வந்து சொல்லுங்கள்.