இளைத்தலும் இன்னுயிரும்
(கிளியனூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விவாகத்துக்கு நாள் குறித்தவுடன், பருத்த பெண்ணை ஒரு மாதத்தில் இளைக்கச் செய்யக் கருதி வெறுங் கஞ்சித் தண்ணீரில் நிறுத்துவோர் உளர். இஃது அபாயமானது. 1977-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் திரவப் புரதத்தையே ஆகாரமாகக் கொண்டு விரைவில் இளைக்க முயன்றோருள் பலர் இருதயத் துடிப்புத் தடுமாறி மாண்டனர். காரணம் யாதெனில், பட்டினியால் கரைவது கொழுப்பு மாத்திரமன்று, தசையும் கரையும். இருதயமும் தசையே. இரத்தத்திலுள்ள உப்புச் சத்துக்களும் நிலைகுலையும். பித்தப்பையில் கற்களும் உண்டாகலாம். பட்டினி நீங்கியதும் எடை பெரும்பாலும் மீளும்.

ஆதலால் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே உத்தமம். சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பயறு, மோர் இவற்றைக் கூட்டுங்கள், பலகாரத்தை ஒதுக்குங்கள். வாரத்துக்கு 150 நிமிஷமேனும் விரைந்து நடவுங்கள். திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையை விடுத்து வயற்பாதையில் செல்க. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேளாது ஆகாரத்தைக் குறைத்தலாகாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும்.

பெண் பார்க்கச் செல்லும் பெரியோர்களே! மெலிவைக் கேளாதீர்கள், திடத்தைக் கேளுங்கள். இல்லறத்தைத் தாங்குவது அதுவே.